பெரிய முள், சின்ன முள், நான்கு கோடு நோட்டு

2018 ஏப்ரலில் பிரிட்டன் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. தேர்வுக்கூடச் சுவர்களில் இருந்த முள் கடிகாரங்களைச் சில பள்ளிகள் கழற்றிவிட்டு, டிஜிட்டல் கடிகாரங்களை மாட்டுகின்றன என்பதுதான் அது. பொதுத்தேர்வு எழுதும் வயதுப் பிள்ளைகள் பலருக்கு முள்ளைப் பார்த்து மணி சொல்ல வரவில்லை, தேர்வு நேரத்தில் அது வீண் பதற்றத்தைத் தருகிறது என்று பள்ளித் தலைவர்கள் சங்கம் ஒன்றின் பொறுப்பாளர் மால்கம் ட்ரோப் காரணம் சொன்னார்.

ஐந்து ஆண்டு கழித்து, 2023 அக்டோபரில், கலிஃபோர்னியா நேர்மாறான முடிவு ஒன்றை எடுத்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கர்சிவ் முறையைக் கற்றுத்தர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். 2010இல் அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்தரத்தில் கர்சிவுக்கு இடமே இல்லாமல் போயிருந்தது. ஃபின்லாந்து 2016இல் கர்சிவைக் கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கி, தனித்தனி எழுத்தும் தட்டச்சும் போதும் என்றது.

நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் இந்த விவாதமே நடக்கவில்லை. நான்கு கோடு நோட்டு ஆண்டுதோறும் வாங்கப்படுகிறது, கர்சிவ் எழுதப்படுகிறது, அழகாக எழுதும் பிள்ளைக்கு நட்சத்திரம் போடப்படுகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்கும்போது கையெழுத்தையும் கர்சிவையும் முள் கடிகாரத்தையும் 'பழைய காலத்துச் சங்கதிகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. மூன்றுக்கும் கிடைக்கும் அறிவியல் பதில்கள் வேறு வேறு.

முதலில் கையெழுத்து. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கக் கற்றுக்கொள்ளாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். 2012இல் வெளியானது. சில எழுத்துகளைக் குழந்தைகள் வழிகாட்டும் கோடு இல்லாமல் தாங்களாகவே எழுதினார்கள். சிலவற்றைக் கோட்டின் மேலேயே வரைந்தார்கள். சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அந்த எழுத்துகளைக் காட்டினார்கள். பெரியவர்கள் வாசிக்கும்போது மூளையில் எந்தப் பகுதிகள் வேலை செய்யுமோ, அந்தப் பகுதிகள் இக்குழந்தைகளிடமும் விழித்துக்கொண்டன. ஆனால், தாங்களாகவே எழுதிப் பழகிய எழுத்துகளுக்கு மட்டும். தட்டிய எழுத்துக்கு அது நடக்கவில்லை, கோட்டின் மேல் வரைந்த எழுத்துக்கும் நடக்கவில்லை.

காரணமாக ஜேம்ஸ் சொல்வது யோசிக்க வைக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை 'A' எழுதினால் ஒரு தடவை சாய்ந்திருக்கும், ஒரு தடவை குறுக்குக்கோடு வெளியே நீளும், ஒரு தடவை மேல்முனை சேராது. இத்தனை கோணல்களும் ஒரே எழுத்துதான் என்று தன் கையாலேயே பார்த்துப் பார்த்து, 'A' என்றால் என்ன என்பதை மூளை பிடித்துக்கொள்கிறது. அச்சுக்கோட்டின் மேல் பென்சிலை ஓட்டும்போது அந்தக் கோணல் கிடைப்பதில்லை. எல்.கே.ஜி. குழந்தைகளுக்குப் புள்ளிக்கோட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுத்து, கோட்டைவிட்டு விலகினால் கண்டிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் கோணல் எழுத்தை அழித்துவிட்டு நேராக எழுதச் சொல்வதில் நாம் காட்டும் அவசரம் தேவையற்றது.

ஃபிரான்சில் மரீக் லோங்கோம் 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் சற்றுப் பெரியவர்கள், தட்டிப் பழகிய எழுத்தைவிட எழுதிப் பழகிய எழுத்தைத் தெளிவாக அடையாளம் கண்டார்கள். b, d இரண்டையும் குழந்தைகள் மாற்றிப் போடுவது நாம் அறிந்ததே. கண்ணுக்கு ஒன்றின் கண்ணாடி பிம்பம் மற்றது. கைக்கு அப்படி இல்லை. இரண்டையும் எழுதும் அசைவு வேறு. கையின் நினைவு கண்ணுக்குத் துணை வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நார்வேயில் 2024இல் வெளியான ஓர் ஆய்வு வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்துசேர்ந்தது. 36 மாணவர்களின் தலையில் 256 மின்முனைகளைப் பொருத்திப் பார்த்ததில், டிஜிட்டல் பேனாவால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு தட்டச்சின்போது இருந்ததைவிட அதிகமாக இருந்தது. 'கையால் எழுதினால் நினைவாற்றல் பெருகும் என்று நிரூபணம்' என்று அதைப் பரப்பினார்கள். ஆய்வில் நினைவாற்றலைச் சோதிக்கவே இல்லை. மாணவர்கள் ஒற்றை விரலால்தான் தட்டினார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுப்பதைவிடப் பேனாவால் எடுப்பது மேல் என்று 2014இல் புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வையும், பின்னால் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது முடிவு அவ்வளவு உறுதியாக வரவில்லை. கல்லூரி மாணவருக்குப் பேனாவா கணினியா என்பது இன்னும் தீராத கேள்வி. எழுத்து கற்கும் வயதுக் குழந்தைக்கு அப்படியில்லை. அங்கே கைக்குத்தான் முதலிடம்.

ஆனால் இந்தச் சான்றுகளில் பெரும்பகுதி கையெழுத்துக்கானது, கர்சிவுக்கானது அல்ல. ஜேம்ஸின் குழந்தைகள் எழுதியது தனித்தனி எழுத்துகளைத்தான். கர்சிவ் வேகமானது என்பார்கள். ஸ்டீவ் கிரகாமும் சக ஆய்வாளர்களும் நான்காம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான 600 மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக எழுதியவர்கள் கர்சிவ்காரர்களும் இல்லை, தனியெழுத்துக்காரர்களும் இல்லை. வசதிப்பட்ட இடத்தில் சேர்த்தும் மற்ற இடத்தில் பிரித்தும் எழுதிய கலப்புக்காரர்கள்தான். வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறோம். எந்த நோட்டும் அதைச் சொல்லித்தரவில்லை.

நம் குழந்தையின் பக்கம் நின்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கர்சிவில் மறுபடி பெரியது, சிறியது. 26 எழுத்துக்கு நான்கு நான்காக 104 வடிவங்கள். இதே வயதில்தான் தமிழின் உயிர், மெய், உயிர்மெய் வரிசையையும் அந்தக் குழந்தை பழகுகிறது. அச்சில் எங்குமே பார்க்காத சாய்ந்த G, Q, Z வடிவங்களை ஆறு வயதில் நான்கு கோட்டுக்குள் அடைக்கச் சொல்லி மதிப்பெண் குறைப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. இடதுகைப் பிள்ளைகளுக்கு இது இரட்டைச் சுமை. வலப்பக்கம் சாய்ந்து ஓடும் கர்சிவ் வலதுகைக்காக அமைந்தது. அவர்கள் எழுதியதன் மேலேயே அவர்களின் கை ஊர்ந்து மசியை இழுக்கும்.

கர்சிவுக்குச் சார்பான ஒரே வலுவான வாதம் பழைய ஆவணங்களை வாசிப்பது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் வரலாற்றாசிரியருமான ட்ரூ ஃபாஸ்ட், தன் வகுப்பு மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரால் கர்சிவை வாசிக்க முடியவில்லை என்று 2022இல் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய ஆய்வுக்கு அன்றைய கடிதங்களை வாசிக்காமல் எப்படி? நமக்கும் இந்தக் கவலை உண்டு. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னை, லை, றா வடிவங்கள், 'மேற்படி'க்கு ௸, ரூபாய்க்கு ௹, புள்ளியே வைக்காமல் இழுத்துக்கொண்டு போகும் பத்திர எழுத்தரின் கை. இளையவர்கள் பலர் அதை வக்கீலிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள். ஆனால் வாசிக்கத் தெரிவதற்கு எழுதிப் பழகிய ஆண்டுகள் தேவையில்லை. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நாலைந்து பழைய கடிதங்களையும் ஒரு பத்திரத்தையும் கொடுத்துச் சில வகுப்புகளில் பழக்கிவிடலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இதைச் செய்தால் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள்.

முள் கடிகாரத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது மணி பார்க்கும் கருவி என்பதைவிட, ஆரம்பப் பள்ளியில் கிடைக்கும் மிகச் சிறந்த கணக்குப் பாடம் என்பதுதான் முக்கியம்.

மணி 9.47. பேருந்து 10.30க்கு. இன்னும் எத்தனை நிமிடம்? மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் டிஜிட்டல் எண்களைக் கொடுத்தால் 1030இல் 947ஐக் கழித்து 83 என்று எழுதிவிடும். நாம் சொல்லிக்கொடுத்த கழித்தலைத்தான் அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. மணிக்கு 60 நிமிடம் என்பது அந்த எண்களில் எங்கும் தெரிவதில்லை. வட்டமான முகப்பில் அது கண்முன்னே இருக்கிறது. 47இலிருந்து உச்சிக்கு 13, அங்கிருந்து கீழே ஆறு வரை 30. ஆக, 43. பெரிய முள் இன்னும் கடக்க வேண்டிய தூரமே மீதி நேரம். நேரம் என்பது ஒரு நீளம் என்று குழந்தைக்குப் பிடிபடும் முதல் இடம் அதுதான். ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால் என்று நாம் பேசும் பின்னங்களையும் அது வட்டத்தில் வரைந்து காட்டுகிறது.

கடினம் என்பது உண்மை. 7 என்ற எண்ணை சின்ன முள்ளுக்கு ஏழு என்றும் பெரிய முள்ளுக்கு 35 என்றும் வாசிக்க வேண்டும். 10.50 ஆகும்போது சின்ன முள் 11ஐ ஒட்டி நிற்கும். பிள்ளைகள் 11.50 என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு அளவுகோல்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்கும் வேலை இது. அறிவு மங்கும் நோயைக் கண்டறிய மருத்துவர்கள் முதியவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வதும் இதனால்தான். 'பத்து' என்றதும் முள்ளை 10க்குக் கொண்டுபோகாமல் 2இல் நிறுத்த வேண்டும். திட்டமிடல், இடவுணர்வு, எண்ணறிவு, அவசரத்தை அடக்குதல் எல்லாம் அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். கடிகாரம் பார்க்கப் பழகினால் அந்த நோய் வராது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் கடிகாரத்தையே கற்காத தலைமுறை முதுமையடையும்போது, எளிமையான இந்தச் சோதனை அவர்களுக்குப் பயன்படாது.

கற்றுத்தரும் முறையைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு முள்ளையும் ஒரே நாளில் கொடுத்து, ஐந்தாம் வாய்ப்பாட்டையும் சேர்த்துக் கேட்பதில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஐரோப்பாவின் ஆரம்பகால இயந்திரக் கடிகாரங்களில் பெரும்பாலும் ஒற்றை முள்தான் இருந்தது. 1656இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்துத் துல்லியம் கூடிய பிறகே நிமிட முள் பரவலானது. வகுப்பறையிலும் அதே வரிசையில் போகலாம். பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றில் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டு, சில வாரங்களுக்குச் சின்ன முள்ளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 'மூன்றைத் தாண்டிவிட்டது', 'மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்', 'நான்கு ஆகப்போகிறது' என்று பிள்ளைகளே சொல்வார்கள். சின்ன முள் குதிப்பதில்லை, ஊர்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். அதன் பிறகு பெரிய முள்ளை மாட்டுங்கள். அதற்கான பாடவேளை எங்கே என்று கேட்டால், கர்சிவ் நோட்டுக்கு ஒதுக்கிய வேளையைத் தரலாம்.