தொட்டால்தான் ஒட்டும்

மங்கின் விளிம்பில் சிந்திய இரண்டு ரப்பர் பால் துளிகளைப் பாருங்கள். விலகி இருக்கும்வரை எதுவும் நடக்காது. தொட்டதும் ஒன்றாகிவிடும்.

அணுக்கருக்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால், இரண்டிலும் நேர்மின்னூட்டம் இருப்பதால் நெருங்க நெருங்கத் தள்ளுவிசை கூடும். அணுக்கரு விசையோ மேற்பரப்புகள் தொடும் நிலைக்கு வந்த பிறகுதான் இழுக்கும். தள்ளலும் இழுவையும் சமமாகும் இடமே தாண்ட வேண்டிய மலையுச்சி.

இந்த இழுவையை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு புரோட்டானாக, நியூட்ரானாகப் போனால் கணக்கு முடியாது. எதிரெதிர் மேற்பரப்புகளின் வளைவு, இடைவெளி, துளிக்கு உள்ளது போன்ற பரப்பு இழுவிசை ஆகியவை போதும் என்றது 1977இல் வந்த ஒரு மாதிரி.

ஆக்சிஜன் கரு ஈயக் கருவோடு இணைய, உச்சி சுமார் 75 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1988 முதல் உள்ள 14 மில்லியன் வோல்ட் முடுக்கி அதைத் தாண்டவல்லது. எதிர்மின் அயனியாக உள்ளே போகும் ஆக்சிஜன் 14 பெறும். நடுவிலுள்ள மெல்லிய தகட்டில் எலெக்ட்ரான்களை இழந்து, 6 நேர்மின்னூட்டத்துடன் வெளியேறினால் இன்னும் 84. மொத்தம் 98!

வேடிக்கை என்னவென்றால், உச்சிக்குக் கீழான ஆற்றலிலும் கருக்கள் இணைகின்றன. குவாண்டம் விதிப்படி மலையைச் சற்றே ஊடுருவலாம்தான். ஆனால் சோதனைகளில் எளிய கணக்கைவிடப் பல மடங்கு இணைகின்றன. காரணம், கருக்கள் கெட்டிக் கோலிகள் அல்ல. அவை அதிர்கின்றன, சில நீள்வடிவில் இருக்கின்றன. நீண்ட முனை முதலில் தொட்டால், மலையே தாழ்ந்துவிடுகிறது.