ரைபிள் வாங்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போதும், நிலக்கடலையில் காய் இறங்கும்போதும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் வயலை உழுது போட்டுவிட்டுப் போகிறது. மலையடிவாரத்திலும் எஸ்டேட் பகுதிகளிலும் உள்ள விவசாயிகளிடம் அப்போது ஒரு கேள்வி எழுகிறது. “ரைபிள் வாங்கிவிடலாமா? .315 நல்லதா, .30-06 நல்லதா?” இரண்டுமே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் தயாரிப்புகள். போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாகச் சுடும் வகை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன், வாங்க முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமம் எதற்குக் கிடைக்கும்?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-வது பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்கு முதலில் சொல்வது குழல் வாய் வழியாகக் கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் உள்ள வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். 12 போர் துப்பாக்கி இந்த வகை. ரைபிளின் குழலுக்குள் திருகு வரி இருப்பதால், அது இந்தப் பட்டியலில் வராது. வேறு தகுந்த காரணத்தைக் காட்டி, அதிகாரி அதை ஏற்றால் மட்டுமே ரைபிளுக்கு உரிமம். ஆகவே, ‘பயிர்ப் பாதுகாப்புக்கு ரைபிள் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள்.

2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். வீட்டில் பெரியவர் பெயரில் உரிமம் இருந்தால், அவர் 70 வயதைக் கடந்ததும், அல்லது 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்த பிறகு, வாரிசுக்கு மாற்ற விதிகளில் வழி இருக்கிறது. பழைய ரைபிள் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இது பயன்படும்.

உரிமம் வேட்டை அனுமதி ஆகாது

துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-வது அட்டவணையில் காட்டுப்பன்றி இருக்கிறது. பயிருக்கு ஆபத்து என்றாலும், 11-வது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். தமிழகத்தில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்கள் சுடுவார்கள். விவசாயி தானே சுடுவதற்கு இதில் இடமில்லை.

கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிடலாம். உரிமம் உள்ளவர்கள் அதன்படி சுடலாம். இடுக்கி, பாலக்காடு பக்கம் நிலம் வைத்திருக்கும் தமிழ் விவசாயிகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

.315 எப்படி?

ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர் ஆட்சி தடுத்தது. அதனால் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில், ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப வந்ததுதான் .315. குண்டு சுமார் 16 கிராம். வேகம் நொடிக்கு 600 மீட்டரை ஒட்டி. கனமான, மெதுவான குண்டு என்பதால் 100 மீட்டருக்குள் நல்ல பலம். அதற்கு மேல் சீக்கிரம் தாழ்ந்துவிடும். போல்ட் வேகமாக, வழுக்கிக்கொண்டு ஓடும். தோட்டாவின் அடியில் விளிம்பு இருப்பதால் மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறினால் சிக்கிக்கொள்ளும். இந்த அமைப்பில் தொலைநோக்கி பொருத்துவது எளிதல்ல.

.30-06 எப்படி?

1906-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா இது. விளிம்பு இல்லாததால் மேகசினில் சிக்கல் குறைவு. சுமார் 12 கிராம் குண்டு நொடிக்கு 820 மீட்டர் அளவில் போகும். பாதை நேராக இருப்பதால் 200 மீட்டரிலும் குறி பெரிதாக மாறாது. ஆனால் சத்தமும் தோளில் விழும் உதையும் கூர்மையானவை. பழக்கமில்லாதவர் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தால், குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

முடிவு செய்வது நிலம்தான்

இரண்டின் குண்டும் குறி தவறினால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தாண்டியும் போகக்கூடியவை. சமவெளியில், பக்கத்து வயலில் களத்துக் குடிசையில் ஆள் படுத்திருக்கும் ஊரில், இரண்டுமே வேண்டாம். அங்கே 12 போர் போதும். அதன் சில்லுகள் 30, 40 மீட்டருக்குள்தான் வேலை செய்யும். அதையும் ஆள் இல்லாத திசை பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

சரிவான மலைத் தோட்டத்தில், இலக்குக்குப் பின்னால் மண் மேடு தாங்கும் இடத்தில், 100 மீட்டருக்குள் பார்வை என்றால் .315 தாராளம். பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவு வரை பார்க்க வேண்டிய எஸ்டேட்டில், பயிற்சி உள்ளவர் கையில் மட்டும் .30-06 பொருந்தும். பின்னால் மண் இல்லாமல், வானம் தெரியும் திசையில் எந்த ரைபிளையும் சுடாதீர்கள்.

வாங்கும்போது கவனிக்க

முதலில் உங்கள் மாவட்ட ஆயுத வியாபாரியிடம் எந்தத் தோட்டா தொடர்ந்து கிடைக்கிறது என்று கேளுங்கள். தோட்டா கிடைக்காத ரைபிள் சுவரில் தொங்கும் கட்டைதான். ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

பழைய ரைபிள் என்றால் போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு ரைபிளின் போல்ட்டைப் போட்டிருந்தால் தோட்டா பூட்டும் இடைவெளி மாறி, முகத்துக்கு நேரே ஆபத்து. குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துருக்குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டையில் போல்ட்டுக்குப் பின்புறம் விரிசல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கைமாற்றும் முன் அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது கட்டாயம்.

உரிமம் கிடைக்காத கோபத்தில் நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய், வேலியில் நேரடி மின்சாரம் என்று இறங்காதீர்கள். மூன்றும் சிறைக்குக் கொண்டுபோகும் குற்றங்கள். அவற்றில் சாவது பன்றி மட்டும் அல்ல. யானையும், மாடும், தண்ணீர் பாய்ச்சப் போன ஆளும்கூட. சேதத்தை உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். இழப்பீடு கேட்கவும், உங்கள் ஊரில் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கோரவும் அந்தச் சீட்டுதான் ஆதாரம்.