மணல் நிலத்தில் டிராக்டர்: டயரில் காற்று எவ்வளவு?

வாடகை டிராக்டரில் உழவு செய்யும் விவசாயிகள், மணிக்கு என்ன வாடகை, கலப்பையில் எத்தனை கொழு என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். டயரில் காற்று எவ்வளவு என்று கேட்பவர் அரிது. மணற்பாங்கான நிலம் உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பின்சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றும்போது ஒரு சுற்று வழுக்கி வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் கொடுக்கும் ஒரு மணி நேர வாடகையில் கால் மணி நேர வாடகை மணலோடு போகிறது. டீசல் செலவும், டயர் தேய்மானமும் டிராக்டர்காரருக்கு நஷ்டம்.

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரி நிலங்களிலும், வேதாரண்யம் கடற்கரை மணலிலும், ஆற்றுப் படுகைகளிலும் இந்தத் தொல்லை உண்டு. டிராக்டர் இழுக்கத் திணறினால், காற்றை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும் என்று நினைக்கிறவர்கள் பலர். தார்ச்சாலைக்கு அது பொருந்தும். மணலில் பலன் தலைகீழாகிவிடும்.

இதற்குக் காரணம் எளிது. டயர் தரையை அழுத்தும் வேகம், ஏறக்குறைய அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. 25 பவுண்டு காற்று இருந்தால் டயர் விறைத்து நிற்கும். தரையைத் தொடும் பரப்புக் குறுகும். அந்தச் சிறு பரப்பில் முழுப் பாரமும் இறங்குவதால் மணல் விலகிக் குழி விழுகிறது. சக்கரம் தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. காற்றைக் குறைத்தால் டயர் சற்றுப் படிந்து, அதன் தடம் நீளும். கூடுதலான ரப்பர் கட்டைகள் ஒரே சமயத்தில் மண்ணைப் பிடிக்கும். ஆட்டின் குளம்பு மணலில் புதைவதையும், ஒட்டகத்தின் பாதம் விரிந்து நிற்பதையும் எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

ஆதியில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான். 1932-ல் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியின் டிராக்டரில் ஆகாய விமானத்தின் டயர்களை மாட்டி, குறைந்த காற்றில் ஓட்டிப் பார்த்தார்கள். ரப்பர் டயர் வயலுக்கு வந்தது இப்படித்தான். குறைந்த காற்று டிராக்டர் டயரின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம்.

எவ்வளவு வைக்கலாம்?

நம் பக்கம் ஓடும் 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர்களில் பின்டயர் பெரும்பாலும் 12.4-28 அல்லது 13.6-28 அளவாக இருக்கும். வயல் வேலைக்குப் பின்டயரில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அளவில் வைப்பது பொது வழக்கம். டிரெய்லர் பூட்டிச் சாலையில் பாரம் இழுக்கும்போது 16 முதல் 20 பவுண்டு வரை வேண்டியிருக்கும். முன்டயரின் கணக்கு வேறு. அது சிறியது, அதற்கு 24 முதல் 28 பவுண்டு தேவை. உங்கள் டிராக்டரின் கையேட்டிலும் டயர் கம்பெனியின் அட்டவணையிலும் உள்ள எண்ணே முடிவானது.

மணல் என்பதற்காக அட்டவணையில் உள்ள குறைந்த அளவுக்கும் கீழே இறக்கக் கூடாது. காற்று மிகக் குறைந்தால், கலப்பை இழுக்கும் வேகத்தில் ரிம் மட்டும் சுற்றி, டயரும் டியூபும் பின்தங்கும். டியூபின் வால்வு பிய்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, ரிம்மிலிருந்து டயர் வரை நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். உழவு முடிந்த பின் கோடு இரண்டாக விலகியிருந்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

காற்றைக் காலையில், டயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும். வெயிலிலும் ஓட்டத்திலும் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு கூடிவிடும். லாரி டயருக்கு வைத்திருக்கும் அளவுமானி 12 பவுண்டைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்றைக் கிராமத்துக்குப் பொதுவாக வாங்கி வைப்பது நலம்.

பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது பாரத்துக்காக. இந்த டயர் ஒவ்வொன்றும் 150 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் கொள்ளும். இறுகிய நிலத்தில் இது பிடிப்பைக் கூட்டும். பொலபொலத்த மணலில் பாரமே புதைவுக்கும் காரணமாகலாம். ஆகவே முதலில் காற்றைச் சரிசெய்து பாருங்கள். தண்ணீரைப் பிறகு யோசிக்கலாம். தண்ணீர் உள்ள டயரில் வால்வை மேலே கொண்டுவந்து நிறுத்திய பிறகே காற்றை அளக்க வேண்டும்.

அளந்து பாருங்கள்

பின்டயரில் ஓரிடத்தில் சுண்ணாம்புக் குறி வையுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில், உழப்போகும் நிலத்திலேயே சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி அதே 10 சுற்று. முதலில் 40 மீட்டர், உழும்போது 34 மீட்டர் என்றால் 6 மீட்டர் போயிற்று. நூற்றுக்கு 15 பங்கு வழுக்கல். 10 முதல் 15 வரை இருப்பது நல்லது. மணலில் சற்றுக் கூடலாம். 30 மீட்டர்தான் வந்தது என்றால் காற்றைப் பாருங்கள், உழவின் ஆழத்தையும் குறையுங்கள். ஒரு முழக் குச்சியும் சுண்ணாம்பும் போதும். இதற்கு நிபுணர் வர வேண்டியதில்லை.

உண்மையான இடைஞ்சல் வேறு. காலையில் செங்கல் லோடு, மதியம் உழவு என்று ஓடும் டிராக்டரில் சாலைக்கு ஏற்றிய காற்றே வயலுக்கும் வருகிறது. கைப் பம்பில் பெரிய டயருக்குக் காற்றடிப்பது ஆளை இளைக்க வைக்கும் வேலை என்பதால் டிரைவர் இறக்கத் தயங்குகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் உழவு வைத்துக்கொண்டால் ஒரு முறை இறக்கி, ஒரு முறை ஏற்றினால் போதும். டிராக்டர் பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்புகளும் இப்போது கிடைக்கின்றன.

இறக்கிய காற்றோடு பாரம் ஏற்றிச் சாலையில் ஓடவே கூடாது. டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கலாம். டிரெய்லரோடு வண்டி ஆடும்.

புதைந்துவிட்டால்

சக்கரம் புதைந்ததும் ஆக்ஸிலேட்டரை முடுக்க வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். கலப்பையையோ டிரெய்லரையோ கழற்றிவிட்டு, சக்கரத்தின் பின்னால் மணலைச் சரிவாக வாரி, பனை மட்டையோ சாக்கோ போட்டு, வந்த தடத்திலேயே மெள்ளப் பின்னோக்கி எடுங்கள். பின்சக்கரத்தில் கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்னோக்கி ஏற்ற முயல்வது உயிருக்கு ஆபத்து. சக்கரம் நகர முடியாதபோது டிராக்டரின் முன்பகுதி மேலே எழும்பி, டிரைவர் மீதே மல்லாந்து விழும். அதற்கு ஓரிரு வினாடிதான் ஆகும், குதிக்க நேரமிராது. பின்னோக்கியும் வரவில்லையானால், உறுதியான தரையில் நிற்கும் இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து, நீளமான கயிற்றைத் தாழ்வாகக் கட்டி இழுக்க வேண்டும். அப்போது கயிற்றின் அருகில் யாரும் நிற்கக் கூடாது.