வாவி கலங்கும் காலம்

மாரி மழை பிடித்தால் தன்னாமுனைக் கரையில் வாவித் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிவிடும். யுத்தத்தில் கணவரை இழந்தபின் அத்தாங்கோடு இந்தத் தண்ணீரில் இறங்கியவள் நான். கலங்கினால் இறால் குறைகிறதா, கூடுகிறதா என்பது எனக்கு அடுப்பெரியும் விடயம்.

கலங்கல் வேறு, அழுக்கு வேறு சகோதரிகளே. உன்னிச்சை, உறுகாமம் பக்கத்து வெள்ளமும் முந்தனையாறும் வயல் மண்ணை அள்ளி வருகின்றன. மணல் உடனே அடியில் படியும். நுண்ணிய களி நாட்கணக்காக மிதக்கும். உப்புநீர் கலந்தால்தான் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே இறங்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்குக் கடல்வாசல் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டுமே. மணல் மூடிவிட்டால் சேறு வெளியேற வழியில்லை.

சேறு அளவுக்கு மிஞ்சினால் வெயில் அடிக்குப் போகாது. இறால் குஞ்சு ஒளிந்து வளரும் நீரடிப் புல் சாகும். வயலுக்கு அடித்த மருந்தும் உரமும் அந்தக் களியிலேயே ஒட்டி வரும். சேற்றைப் பிடித்து வைப்பவை கண்டல் வேர்கள். யுத்தகாலத்தில் பாதுகாப்பு என்று சொல்லிக் கரையோரக் கண்டல்களை வெட்டினார்கள். அவற்றை மீண்டும் நடுவதை அழகுக்கான வேலையாக நினைப்பவர்கள் மீது எனக்குக் கோபம்தான்.

கிணற்றுக்கு வருவோம். 2011 தை மாத வெள்ளம் போல ஒன்று வந்தால் கிணறும் கலங்கும். அந்தத் தண்ணீரில் அப்படியே குளோரின் போட்டால் மருந்தின் பெரும்பகுதி சேற்றிலேயே செலவாகிவிடும், கிருமி களிக்குள் ஒளிந்து தப்பும். முதலில் தெளியவிட வேண்டும். எங்கள் அம்மம்மாமார் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்தது இதற்குத்தான். தெளிந்ததை வெள்ளைத் துணியில் வடித்து, பிறகு கொதிக்க வையுங்கள். தெளிந்துவிட்டது என்று மட்டும் நம்பிக் குடிக்க வேண்டாம். மலகூடத்துக் கிருமிக்கு நிறமில்லை.

வாவியின் கலங்கலை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 1865 இல் அஞ்சலோ செக்கி என்ற இயேசுசபைத் துறவி மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தார். இன்றும் உலகெங்கும் அதுதான் முறை. ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டில் மூன்று துளையிட்டுக் கயிறு கட்டுங்கள். அடியில் ஒரு கல். கயிற்றில் சாணுக்கொரு முடிச்சு. தோணியின் நிழற்பக்கமாக இறக்குங்கள். தட்டு மறையும் இடத்தின் முடிச்சை எண்ணிக் கலண்டரில் எழுதுங்கள். கிழமைக்கொருமுறை, அதே இடம், அதே நேரம்.

ஏன் இந்த வேலை? ஆற்றுவாய் வெட்டும் பேச்சு எழும்போது வயல்காரர் வெள்ளம் வடிய வேண்டும் என்பார்கள். மீனவர் சங்கம் தன் கணக்கைச் சொல்லும். கரையில் தடவி இறால் பிடிக்கும் பெண்களிடம் யாரும் கேட்பதில்லை. கலண்டரோடு போனால் எங்களிடமும் ஒரு கணக்கு இருக்கும். சென்ற மார்கழியில் எங்கள் தட்டு இரண்டாம் முடிச்சுக்கு முன்னமே மறைந்தது. மாசியில் ஐந்தாம் முடிச்சு வரை தெரிந்தது. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம்.