87-இல் ஒரு பங்கு ரயில்

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கிப் பல்லாயிரக்கணக்கில் செய்து அனுப்பிய பழைய வகைப் பெட்டியின் நீளம் 21.34 மீட்டர். என் மேசையில் அதே பெட்டி இருபத்து நான்கரை சென்டிமீட்டர். நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. மாதிரி ரயில் செய்பவர்கள் உலகெங்கும் பெரிதும் கையாளும் இந்த அளவுக்கு 'எச்ஓ' என்று பெயர்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் எச்ஓ பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையேயான அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் பரவலான 1,435 மி.மீ. பாதைக்கு அது கச்சிதம். நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19 மி.மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆனாலும் நான் கடைத் தண்டவாளத்திலேயே ஓட்டுகிறேன். சக்கரங்கள் உள்ளே ஒதுங்கினாலும், போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டகத்தின்) பக்கச் சட்டங்களைச் சரியான இடத்தில் பொருத்திவிட்டால் பக்கவாட்டில் பார்ப்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது.

வளைவு இன்னும் கடினம். நம் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது இரண்டு மீட்டர்! வீட்டு அறையில் அரை மீட்டருக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. அவ்வளவு குறுகிய வளைவில் பெட்டிகளின் முனையில் மோதல் தாங்கும் பஃபர்கள் ஒன்றோடொன்று சிக்கி ரயில் தடம் புரளும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கைப் பெட்டியில் பொருத்தாமல் போகியோடு சேர்த்துப் பொருத்தினால் அது வளைவோடு சேர்ந்து திரும்பும்; சிக்கல் குறையும்.

இப்படிச் செய்து பழகினால் ரயிலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். பழைய ஐ.சி.எஃப். பெட்டியின் முனையில் இரண்டு பஃபர்களும் நடுவில் திருகுக் கப்ளிங்கும் இருக்கும். அடியில் அச்சிலிருந்து பெல்ட் ஓடி ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் அங்கிருந்துதான். நிறத்திலும் ஒரு சேதி உண்டு. செங்காவி வெற்றிட பிரேக் காலத்தது. காற்று பிரேக் வந்தபிறகே நீலம் பரவியது. காலத்தைத் தவறவிட்டு வண்ணம் பூசினால் மாதிரி பொய் சொல்லும்.

பின்னாளில் ஜெர்மன் வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டி சுமார் 23.5 மீட்டர் நீளம். உடல் துருப்பிடிக்காத எஃகு. பக்க பஃபர்கள் கிடையா. நடுவிலுள்ள ஒரே கப்ளர் இழுக்கவும் செய்யும், தள்ளுவிசையையும் தாங்கும். விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறுவதை அது பெருமளவு தடுக்கிறது. வந்தே பாரத் ரயிலிலோ தனி இன்ஜினே இல்லை. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே. அதை உருவாக்கியதும் ஐ.சி.எஃப்.தான்.

பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதை ஐ.சி.எஃப். 2018-இல் நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவையும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. நம் தாத்தா பாட்டி ஏறிய பெட்டியை நாளை ஒரு குழந்தைக்குக் காட்ட வேண்டுமானால் இன்றே படமெடுத்து, குறித்து வைக்க வேண்டும். ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பெட்டியின் ஜன்னலோடு நின்றுவிடாமல், குனிந்து அடிப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் ஓர் அட்டை, ஒரு ஸ்கேல், ஒரு கத்தரிக்கோல் கொடுங்கள். முதல் பெட்டிக்கு அவை போதும்.