பன்றி வந்த இரவில் படுத்துக்கொண்ட டாங்கிள்

நான் இருப்பது அருப்புக்கோட்டை டவுன். காடு திருச்சுழி பக்கம், மானாவாரிக் கரிசல். புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகையில் கதிர் பிடிக்கும். காட்டுப்பன்றியும் அப்போதுதான் வரும். தினமும் காவலுக்குப் போக என் முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, கேமரா, சிம் போட்ட யுஎஸ்பி டாங்கிள், எல்லாவற்றுக்கும் சோலார் பேட்டரி என்று ஏற்பாடு செய்தேன். பன்றி அசைந்தால் செல்போனுக்குப் படம் வர வேண்டும்.

வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு சென்ட் அளவுக்குக் கதிர் உருண்டு கிடந்தது. போர்டில் படம் பதிவாகியிருக்கு, அனுப்பத்தான் இல்லை. சிம் கம்பெனியைத் திட்டினேன், சிம்மை மாற்றினேன். மறுபடி அதே கதை. மீட்டரை வைத்துப் பார்த்தால் 5 வோல்ட் சரியாக இருந்தது!

உள்ளூர் எலக்ட்ரீசியன் தம்பி ஒருவர்தான் விளக்கினார். "சார், மீட்டர் காட்டுறது சராசரி. டாங்கிள் படம் அனுப்புற நொடியில என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது."

முப்பது வருஷம் வங்கியில் இருந்தவனுக்கு இது உடனே புரிந்தது. மாதச் சராசரி இருப்பு நன்றாகத்தான் இருக்கும். செக் வருகிற அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் திரும்பத்தானே செய்யும்?

சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர். டாங்கிள் சும்மா இருக்கும்போது அதில் கொஞ்சம்தான் எடுக்கும். டவர் தூரமாக இருந்தால் கத்திப் பேசுகிற மாதிரி கூடுதல் சக்தியில் அனுப்பும். 4ஜி கிடைக்காமல் 2ஜிக்கு இறங்கினால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ரேடியோ நொடிக்கு 217 தடவை துடிப்பாக, ஒவ்வொரு துடிப்பிலும் 2 ஆம்பியர் வரை இழுக்கலாம். எங்க கண்மாய்க் கரையோரம் சிக்னல் ஒரு கோடுதான். போதாததற்கு, டாங்கிளை உயரமாகக் கட்டலாம் என்று நான் மூன்று மீட்டர் மெல்லிசு வயர் வேறு போட்டிருந்தேன். மெல்லிய நீள வயரில் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துபோகும். டாங்கிள் அணைந்து, திரும்ப எழுந்து, மறுபடி அணையும்.

தீர்வு பெரிய செலவில்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட், 3 ஆம்பியர் தருகிற கன்வெர்ட்டர் ஒன்று. அதிலிருந்து நேரே கரண்ட் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்று. டாங்கிளை ஹப்பில் செருகினோம். ஹப் வாங்கும்போது கவனம்: சில மலிவு ஹப்கள் கரண்ட்டைப் போர்டுக்கே திருப்பி அனுப்பும். நீள வயரைக் கழற்றி வீசிவிட்டு, பெட்டியையே கம்பத்தில் ஏற்றிக் கட்டினோம்.

பேட்டரிக் கணக்கு: எல்லாம் சேர்ந்து 5 வாட், இரவு 12 மணி நேரம், ஆக 60 வாட்-மணி. இழப்போடு 12 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர்-மணி. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்துக்கு மூன்று இரவு தாங்கணும் என்றால் 18. லெட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் 40 ஆம்பியர்-மணி வாங்கினேன். பகலில் எல்லாவற்றையும் அணைக்க ஒரு டைமர். பேனல் 40 வாட்.

மார்கழி பூராவும் படம் தவறாமல் வந்தது. படம் வந்ததும் நான் பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போன் போடுவேன், அவர் டார்ச்சும் தகர டப்பாவுமாகப் போவார். அவர் போனை எடுக்காத இரவுகளுக்குத்தான் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.