சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

சுகர் டெஸ்ட் எடுக்கும் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு முறை ரத்தம் கொடுத்திருப்பார்கள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. வயதானவர்கள் பலருக்கு முதலாவது சரியாக இருக்கும். இரண்டாவதுதான் ஏறி நிற்கும். ஏன் அப்படி?

இட்லியோ சோறோ, அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. உடனே, வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சுரப்பவை பீட்டா செல்கள். அவை இருக்கும் திட்டுகளை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் நுண்ணோக்கியில் கண்டார். எதற்காக அவை என்று அவருக்கே தெரியாது!

இன்சுலின் இரண்டு தவணையாக வரும். சாப்பிட்ட சில நிமிடங்களில் சட்டென்று ஒரு பாய்ச்சல். பிறகு நிதானமாக மீதி. வயதாகும்போது அந்த முதல் பாய்ச்சல் தளர்கிறது. பெரியவர்களின் உடலில் புதிய பீட்டா செல்கள் உருவாவது மிக அபூர்வம். தாத்தா இளைஞராக இருந்தபோது உழைத்த செல்களில் பெரும்பாலானவைதான் இன்றும் உழைக்கின்றன. வெறும் வயிற்றில் வேலை குறைவு என்பதால் சமாளித்துவிடுகின்றன. சாப்பாடு வந்தால்தான் திணறல்.

கணையத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குப் பின் குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள். வயதானால் தசை குறையும், தொப்பையில் கொழுப்பு கூடும், நடமாட்டமும் சுருங்கும். அப்போது தசைகளுக்குக் காது மந்தமானது போல ஆகிவிடுகிறது. குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும்படி இன்சுலின் கூப்பிடுவது சரியாகக் கேட்பதில்லை. கணையம் என்ன செய்யும்? குரலை உயர்த்தும், அதாவது இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கும். ஆகவே "வயசானா இன்சுலின் குறைஞ்சிடும்" என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மைதான். சில முதியவர்களின் ரத்தத்தில் இளைஞர்களைவிட இன்சுலின் அதிகமாகவே இருக்கும்! கணையத்தால் அதற்குமேல் ஈடுகொடுக்க முடியாதபோதுதான் சர்க்கரை நோய் தலைகாட்டுகிறது. எல்லோருக்கும் அது வருவதில்லை.

எனக்குப் பிடித்த செய்தி இனிமேல்தான். குளுக்கோஸை உள்ளே ஏற்றும் புரதங்கள் தசைச் செல்லுக்குள் பதுங்கியிருக்கும். இன்சுலின் கூப்பிட்டால் அவை செல்லின் ஓரத்துக்கு வரும். நடக்கும்போதோ, யாரும் கூப்பிடாமலேயே வந்துவிடும்! உடற்பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலினின் குரலும் நன்றாகக் கேட்கும். பிறகு மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூங்காவை மூச்சிரைக்கச் சுற்றிவருகிற தாத்தாவுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டின்போது அதன் பலன் மிச்சமிருக்காது.